திறந்த பாடநூலுக்கு மானியம்: எடுத்துக்கொள்வதா, திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

பெங்களூர்க் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு 'சீட் மணி' என்று உள்மானியம் ஒதுக்குவது இப்போது பரவலாகிவிட்டது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலேயே அதைப் பற்றிக் கேட்பதால் நிர்வாகங்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை. அந்தப் பணம் வழக்கமாக ஆய்வுத் திட்டங்களுக்குப் போகும். அதைத் திறந்த பாடநூலுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும், பெரும்பாலும் திருத்தவும் உரிமம் தரும் நூலுக்குக் கேட்டால் என்ன என்று சக ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகக் கேளுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எந்த வேலைக்குக் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். யாரோ எழுதி வெளியிட்ட திறந்த நூலை அப்படியே வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை நம் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் திருத்தலாம். முதல் பக்கத்திலிருந்து நாமே எழுதலாம். மூன்றுக்கும் உழைப்பு வேறு, செலவு வேறு, இரண்டு வருடம் கழித்து வரும் தலைவலியும் வேறு.

நான் பி.காம். மாணவர்களுக்கு வணிகப் புள்ளியியல் நடத்துகிறேன். அதனால் உதாரணங்கள் அந்தப் பாடத்திலிருந்தே வரும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பெரும்பாலோருக்கு நடுவழிதான் சரி, அதாவது இருப்பதை எடுத்துத் திருத்துவது. புதிதாக எழுதுவது வேறு வழியே இல்லாத பாடங்களுக்கு மட்டும்.

அங்கே போட்ட கணக்கு இங்கே பொருந்தாது

இந்த மானிய யோசனை வட அமெரிக்காவில் வளர்ந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 2011-இல் ஆசிரியர்களுக்கு ஆயிரம் டாலர் அளவில் சிறு தொகைகள் கொடுத்து, விலைக்கு வாங்கும் பாடநூலுக்குப் பதில் இலவச வளங்களுக்கு மாறச் சொன்னார்கள். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2014-இல் இதே போன்ற திட்டம் தொடங்கின. 2018-இல் அமெரிக்க மத்திய அரசே 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. அங்கே கணக்கு எளிது. ஒரு பாடநூல் 150, 200 டாலர் விற்கும் ஊரில், நூறு பேர் படிக்கும் வகுப்பு இலவச நூலுக்கு மாறினால் கொடுத்த ஆயிரம் டாலர் ஒரே செமஸ்டரில் பல மடங்காக மாணவர்களுக்குத் திரும்பிவிடும்.

அதே கணக்கை நம் விண்ணப்பத்தில் எழுதினால் எடுபடாது. இந்தியப் பதிப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவென்யூ ரோட்டில் பழைய புத்தகமாக வாங்கினால் இன்னும் குறையும். போதாததற்கு, என் மாணவர்களில் பலர் பாடநூலே வாங்குவதில்லை. சீனியரின் நோட்ஸ், பழைய வினாத்தாள்கள், வாட்சப்பில் சுற்றும் ஸ்கேன் பக்கங்கள், இவ்வளவில் ஒரு செமஸ்டர் முடிந்துவிடுகிறது. வாங்காத புத்தகத்தில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் காட்ட முடியாது.

நமக்குக் கிடைக்கும் லாபம் வேறு இரண்டு. வகுப்பு தொடங்கும் அன்றே எல்லார் போனிலும் ஒரே நூல் இருக்கும் என்பது ஒன்று. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், திறந்த நூலுக்கு மாறிய பாடங்களில் தோல்வியும் பாதியில் விலகுவதும் குறைந்திருந்தன. ஏழை மாணவர்களிடம் அந்த முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது லாபம், நூலில் கை வைக்கும் உரிமை. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. மேலே சொன்ன மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

மானியமே வேண்டாத வழி

நகல் எடுத்துக் கொடுக்கும் பாடத் தொகுப்பையும் ஒரு வழியாகச் சொல்லியாக வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கற்பித்தலுக்காக நகலெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது என்ற அந்த அடிப்படையை டிசம்பரில் இரு நீதிபதி அமர்வும் ஏற்றது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. நமக்கெல்லாம் பெரிய நிம்மதி கொடுத்த வழக்கு அது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு வகுப்புக்கானது. அந்தப் பக்கங்களை எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் ஏற்ற முடியாது. எண்களை மாற்றி, இரண்டு அத்தியாயம் சேர்த்து, நம் பெயரில் ஒரு பதிப்பாக வெளியிடவும் முடியாது. நூலகத்தில் நல்ல நூல்கள் இருந்து, பாடத்துக்குப் பத்துப் பதினைந்து பக்கங்கள் போதும் என்றால் மானியத்துக்கு அலையாமல் இதையே செய்யலாம். முழு செமஸ்டருக்கும் ஒரே நூல் வேண்டுமென்றால் இது தாங்காது.

அப்படியே எடுத்துக்கொள்வது

இதில் வேகம்தான் பலம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-இலிருந்து இயற்பியல், சமூகவியல், உயிரியல், பொருளியல் என்று முழுப் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் தொடங்கிய திறந்த பாடநூல் நூலகத்தில் நூலோடு ஆசிரியர்களின் மதிப்புரையும் இருக்கும். வேதியியல் ஆசிரியர்களுக்கு லிப்ரெடெக்ஸ்ட்ஸ் என்ற திறந்த நூல் தளம் இருக்கிறது. அடுத்த செமஸ்டருக்கே நூல் வேண்டும் என்பவர்கள் இந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். இயற்பியல், வேதியியல், கால்குலஸ் போன்ற பாடங்களுக்கு இது பெரும்பாலும் போதும். நியூட்டனின் விதிகள் ஹூஸ்டனிலும் நம் ஹெப்பாலிலும் ஒன்றுதான்.

என் பாடத்தில் போதாது. ஓப்பன்ஸ்டாக்ஸின் அறிமுகப் புள்ளியியல் நூல் நல்ல நூல். கலிபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரி ஆசிரியர்கள் இருவர் தங்கள் வகுப்புக்காக எழுதியதிலிருந்து வளர்ந்தது என்பதால் மாணவரோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் டிஐ-83, 84 கால்குலேட்டரில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று குறிப்பு வரும். நம் பிள்ளைகள் கையில் இருப்பது கேசியோ. பின்னிணைப்பில் உள்ள தரவுகளில் ஒன்று, அமெரிக்க பைக் பந்தய வீராங்கனை ஒருவர் ஒவ்வொரு சுற்றுக்கும் (லேப்) எடுத்த நேரம். இன்னொன்று 1999-இல் அங்கே வெளிவந்த பங்குகளின் விலை. முதல் அட்டவணையைப் பார்த்துவிட்டு "மேடம், லேப்னா லேப்டாப்பா?" என்று கேட்ட மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். சராசரி கண்டுபிடிப்பதற்கு முன்னால் பந்தயத் தடம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கிறது.

பெரிய சிக்கல் அதுகூட இல்லை. நம் பி.காம். புள்ளியியலில் வழக்கமாக வரும் குறியீட்டெண்கள் (விலைவாசி போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தை அளப்பது), காலத்தொடர் (காலப்போக்கில் எண்கள் மாறும் போக்கைப் பார்ப்பது) இரண்டும் அந்த நூலின் 13 அத்தியாயங்களில் தனி அத்தியாயமாக இல்லை. நமக்கு வேண்டாத சில பரிசோதனை முறைகள் விரிவாக இருக்கின்றன. நூலை அப்படியே எடுத்துக்கொண்டால் அந்த இரண்டு அலகுகளுக்கு மாணவர்கள் மறுபடி பழைய நோட்ஸைத்தான் தேடுவார்கள்.

எடுத்துக்கொள்வதற்குக் கேட்கும் தொகை சிறியதாகவே இருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும். பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு நூலின் எந்தப் பக்கம் என்று அட்டவணை போடுவது, நம் பல்கலைக்கழகத் தேர்வு முறைக்கு வினா வங்கி தயாரிப்பது, போனில் படிக்க முடியாதவர்களுக்காகச் சில பிரதிகள் அச்சிட்டு நூலகத்தில் வைப்பது எல்லாமே வேலைதான். நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் அதற்குப் பணம் கேட்பது இன்னும் நியாயம்.

திருத்துவது

என் பாடத்துக்கு நான் விரும்பும் வழி இது. கால்குலேட்டர் பெட்டிகளை எடுத்துவிட்டு, கேசியோவிலும் லிப்ரெஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாளிலும் செய்யும் முறையைப் போடலாம். பந்தய நேரங்கள் இருந்த இடத்தில் இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து எடுத்த எண்களைப் போடலாம். அந்தத் தளத்தின் தரவுகளைப் பயன்படுத்துவதற்கென்றே 2017-இல் ஓர் உரிமம் அறிவித்திருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் பாடநூலில் சேர்க்கத் தடையில்லை.

இல்லாத குறியீட்டெண் அத்தியாயத்தை நாமே எழுதலாம். அதற்கு நல்ல கச்சாப்பொருள் கையருகே இருக்கிறது. தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் தொழிற்சாலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டில் 88 மையங்கள் உண்டு, பெங்களூர் அவற்றில் ஒன்று. விலைகளை ஒப்பிடும் அடிப்படை ஆண்டு 2016. அதற்கு முந்தைய வரிசையின் அடிப்படை ஆண்டு 2001. ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவது என்பது தேர்வில் வரும் கணக்கு. பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகும் அப்பாவின் அகவிலைப்படி இந்த மாதிரி விலைக் குறியீட்டைப் பார்த்துத்தான் மாறுகிறது என்று தெரிந்த மாணவர் குறியீட்டெண் கணக்கிடும் லாஸ்பேயர் சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதுவதோடு நிற்க மாட்டார். எந்த அமெரிக்க நூலும் இதைச் செய்யாது, செய்ய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அப்புறம் மொழி. ஸ்ரீராமபுரத்திலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வரும் பிள்ளைகளில் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "வகுப்பில் புரியுது மேடம், எழுதும்போதுதான் தடுமாறுது" என்பார்கள். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் கலைச்சொல் பட்டியல் போட்டு, முக்கியமான விளக்கங்களை இரண்டு வரியில் தாய்மொழியில் எழுதிக் கொடுக்கலாம். விலைக்கு விற்கும் நூலில் இதைச் சேர்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது? திறந்த நூலில் யாரையும் கேட்க வேண்டாம்.

ஆனால் உரிமத்தைக் கவனிக்காமல் இறங்கினால் உழைப்பு வீணாகிவிடும். திறந்த நூல்கள் பெரும்பாலும் வெளிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஆசிரியரின் பெயரைச் சொன்னால் போதும் என்கிற உரிமம் மிகத் தாராளமானது. சில உரிமங்கள் மாற்றி வெளியிடக் கூடாது என்கின்றன. அந்த நூலை வகுப்பில் படிக்கலாம், திருத்தி வெளியிட முடியாது. சில உரிமங்கள் நீங்களும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்கின்றன, சில வணிகத்துக்குக் கூடாது என்கின்றன. இவற்றைக் கலக்கும்போதுதான் சிக்கல். ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் நூலில் 'வணிகம் கூடாது, அதே உரிமம் வேண்டும்' என்ற நிபந்தனை இருக்கிறது. விக்கிப்பீடியாவின் உரிமத்தில் 'அதே உரிமம்' உண்டு, 'வணிகம் கூடாது' கிடையாது. இரண்டும் தன் உரிமத்தையே கேட்பதால், இரண்டின் பத்திகளையும் ஒரே அத்தியாயமாகக் குழைத்து வெளியிட முடியாது. வேலை தொடங்கும் முன்பே, எந்தப் பகுதியை எங்கிருந்து எடுக்கிறோம், என்ன உரிமம், எந்தத் தேதியில் பார்த்தோம் என்று ஓர் எக்செல் தாளில் எழுதிக்கொண்டே போவது நல்லது. பதிப்புக்குப் பதிப்பு உரிமம் மாறவும் கூடும் என்பதால் தேதி முக்கியம். இணையத்தில் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அது திறந்த நூல் ஆகிவிடாது என்பதையும் மாணவ உதவியாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

புதிதாக எழுதுவது

ஆசை எல்லாருக்கும் இங்கேதான் போகும், அதற்குக் காரணமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளில் உள்ள மதிப்பெண் அட்டவணைப்படி, சர்வதேசப் பதிப்பகத்தில் நூல் எழுதினால் 12, தேசியப் பதிப்பகம் என்றால் 10. ஒரு முழுப் பாடத்துக்கு மின்-உள்ளடக்கம் உருவாக்கினாலும் 12. இருக்கும் திறந்த நூலை வகுப்புக்குக் கொண்டுவந்ததற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் உதவிப் பேராசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி மானியம் இந்தக் கோணலைச் சரிசெய்ய வேண்டும், அதை இன்னும் வளைக்கக் கூடாது. எழுதுபவருக்கு மட்டும் பணம் என்று விதி வைத்தால் நல்ல நூல் ஏற்கெனவே இருக்கும் பாடத்துக்கு இன்னொரு சுமாரான நூல்தான் வரும்.

கர்நாடகத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021-22-இல் புதிய கல்விக் கொள்கைப்படி நான்காண்டுப் பட்டம் வந்து, பட்டப்படிப்புப் பாடத்திட்டம் மாறியது. 2024-25-இல் மாநில அரசு மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது, பாடத்திட்டம் மறுபடி மாறியது. பெங்களூர்ப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்ததில் ஊருக்குள்ளேயே ஒரே பாடத்துக்கு வெவ்வேறு அலகுகள். ஒரு பாடத்திட்டத்தின் அலகுகளை அப்படியே அத்தியாயங்களாக வைத்து எழுதிய நூல் மூன்று வருடத்தில் பழசாகிவிடும். எழுதியே ஆக வேண்டும் என்றால் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சிறு பகுதிகளாக எழுத வேண்டும்.

உரிமை யாருக்கு என்பதும் முன்கூட்டியே தெளிவாக வேண்டும். பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அப்படியானால் திறந்த உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் ஆசிரியருக்கு இருக்கிறதா, கல்லூரிக்கா? ஒரு பக்கக் கடிதத்தில் இதைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் எழுதத் தொடங்கும் முன். ஏற்கெனவே உள்ளூர்ப் பதிப்பகத்துக்கு ஒரு நூல் எழுதிக் கொடுத்தவர்கள் அதன் பகுதிகளை எடுத்துப் போடலாம் என்று நினைத்தால் பழைய ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்தப் பாடங்களுக்குப் புதிதாக எழுதலாம்? வெளியிலிருந்து நூல் வரவே வராத பாடங்களுக்கு. ஜிஎஸ்டி நடைமுறை, கர்நாடகத் தொழிலாளர் சட்டங்கள், பெங்களூர் ஏரிகளை வைத்துச் சுற்றுச்சூழல் பாடம், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நடைமுறைக் கன்னடம்.

இந்தப் பட்டியலில் தமிழ் மொழிப்பாடத்தையும் சேர்க்கிறேன். பெங்களூரில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கும் கல்லூரி மாணவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்காகத் தொகுத்த நூல் அவர்களுக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. இங்கே புதிய நூல் உருவாக்குவது மற்ற எந்தப் பாடத்தையும்விடச் சுலபம். சங்கப் பாடல்களுக்கும் குறளுக்கும் யார் அனுமதியும் வேண்டாம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த எழுத்துகள் பொதுச்சொத்து. பாரதியின் எழுத்துரிமையை 1949-இலேயே அரசு வாங்கி, பிறகு மக்களுக்குக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் மிக நீளம். தமிழ் இணையக் கல்விக்கழகம் அந்த நூல்களை இணையத்திலேயே வைத்திருக்கிறது. மூலம் இலவசம் என்பதால் மானியப் பணம் முழுவதையும் குறிப்புரைக்கும் பயிற்சிகளுக்கும் நல்ல மெய்ப்புக்கும் செலவிடலாம். பழைய உரைகளையும் நவீனப் பதிப்பாசிரியரின் குறிப்புகளையும் எடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும், அவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2012-இல் அதிக மாணவர்கள் சேரும் 40 பாடங்களுக்குத் திறந்த நூல் என்று அறிவித்தது. ஆனால் உடனே எழுத உட்காரவில்லை. இருக்கும் நூல்களை ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிட வைத்தார்கள், மதிப்பீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். அதில் தெரிந்த குறைகளைத் திருத்த அடுத்து உதவினார்கள். நம் கல்லூரிகளும் இந்த வரிசையில் போகலாம். முதல் தவணையை மதிப்பீட்டுக்கு மட்டும் கேளுங்கள். அதே பாடம் நடத்தும் இரண்டு வேறு கல்லூரி ஆசிரியர்களிடம் நூலைக் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள், அதற்கு மதிப்பூதியம் கொடுங்கள்.

திருத்தும் வேலைக்குப் பணம் கேட்கும்போது மடிக்கணினி, பிரிண்டர் என்று எழுதுவதைவிட நேரத்தைக் கேட்பது நல்லது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு குறைந்தால் ஒரு செமஸ்டரில் நிறைய செய்யலாம். கணக்குகளைச் சரிபார்க்க மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்வியில் திறந்த மென்பொருளைப் பரப்பும் ஐஐடி பாம்பேயின் ஃபாஸ்ஸி திட்டத்தில் பாடநூல்களின் தீர்த்த கணக்குகளுக்கு சைலாப், பைத்தான் நிரல் எழுதும் மாணவர்களுக்கு மதிப்பூதியம் உண்டு. அதே முறையை நாமும் பின்பற்றலாம். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குச் செலவு எழுத வேண்டாம், இந்தியாவில் அது இலவசம். வரைபடங்களுக்குப் பார்வையற்ற மாணவர்களுக்கான விளக்க வரி எழுதுவதை மறக்காமல் ஒரு வேலையாகவே காட்டுங்கள்.

நிர்வாகம் கேட்காவிட்டாலும் நீங்களே மூன்று நிபந்தனைகளை எழுதிக் கொடுங்கள். நூல் எந்த உரிமத்தில் வெளிவரும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் எலஹங்காவில் இருக்கும் இன்னொரு ஆசிரியர் நம் நூலில் ஒரு கணக்கை மாற்ற விரும்பினாலும் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். மூன்றாவது, மானியத்தின் கடைசிப் பகுதியை நூல் வெளியானதும் வாங்காமல், இரண்டு செமஸ்டர் நடத்திப் பிழைகளைத் திருத்தி இரண்டாம் பதிப்பை ஏற்றிய பிறகு கொடுக்கச் சொல்லுங்கள்.